ஒரு கையெழுத்தும் ஒரு கோட்டையும்: டிஸ்னி லோகோக்களை வாசித்தல்

1

ஒரு திரைப்படம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? விளக்கு அணைந்த பிறகு, முதல் காட்சிக்கு முன்னால், சில விநாடிகள் ஒரு சின்னம் வந்து போகிறதே, அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கதையைக் கட்டுடைக்கிறோம். பாத்திரங்களின் சாதியை, பாலினத்தை, வர்க்கத்தைத் தோண்டி எடுக்கிறோம். லோகோவை மட்டும் பிரதிக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். கேட்டால், 'அது கம்பெனி விளம்பரம், அதுல என்ன இருக்கு?' என்று பதில் வருகிறது.

அதில் நிறைய இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். லோகோ என்பது ஒரு வாக்கியம். 'இதைச் செய்தது நான்' என்கிற வாக்கியம். அந்த 'நான்' யார் என்பது இங்கே கேள்வி.

உதாரணத்துக்கு டிஸ்னியை எடுத்துக்கொள்கிறேன். நூறாண்டு கடந்த நிறுவனம். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் தூர்தர்ஷனில் இந்தி பேசிய டிஸ்னி வாத்துகளைப் பார்த்து நம் ஊரில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்த வளைந்து நெளிந்த கையெழுத்து மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்தது. மொழி தேவைப்படாத ஒரு குறி எப்படி உருவாக்கப்படுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

2

1923 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கப்பட்டபோது அந்தக் கம்பெனியின் பெயர் டிஸ்னி சகோதரர்கள் கார்ட்டூன் ஸ்டுடியோ. சகோதரர்கள் என்றால் அண்ணன் ராய், தம்பி வால்ட். சில ஆண்டுகளிலேயே 'சகோதரர்கள்' போய் 'வால்ட் டிஸ்னி' மட்டும் நின்றது. பெயர்ப்பலகையிலிருந்து முதலில் காணாமல் போனவர் கூடப் பிறந்த அண்ணன். இதை ஒரு முன்னறிவிப்பு என்றே சொல்லலாம்.

1927இல் இந்த ஸ்டுடியோ, சார்ல்ஸ் மின்ட்ஸ் என்ற இடைத்தரகர் மூலமாக, யுனிவர்சல் நிறுவனத்துக்கு ஆஸ்வால்ட் என்றொரு முயலை உருவாக்கித் தந்தது. முயல் நன்றாக ஓடியது. 1928இல் வால்ட் நியூயார்க் போய் கூலியைக் கூட்டிக் கேட்டார். மின்ட்ஸ் குறைக்கிறேன் என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால்? முயல் யுனிவர்சலின் சொத்து. முயலை வரைந்த ஆட்களில் பெரும்பாலோரை மின்ட்ஸ் ஏற்கெனவே தன் பக்கம் இழுத்துவிட்டார். வால்ட் வெறுங்கையோடு திரும்பினார்.

இதை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். பின்னாளில் பூதாகாரமான அந்தக் கையெழுத்து ஒரு முதலாளியின் ஆணவத்திலிருந்து மட்டும் பிறந்ததல்ல. சொத்து பறிபோன ஒரு சிறு உற்பத்தியாளனின் பயத்திலிருந்தும் பிறந்தது. இனி எதைச் செய்தாலும் அது என் பெயரில் இருக்க வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். அந்தப் பாடத்தை அவர் தனக்கு மட்டும்தான் வைத்துக்கொண்டார். தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மின்ட்ஸ் பக்கம் போகாமல் வால்டோடு நின்ற முக்கியமான ஓவியர் அப் ஐவெர்க்ஸ். முயல் போன பிறகு வந்த எலியை, அதாவது மிக்கி மவுஸை, தாளில் வரைந்து நடமாட விட்டது அவர் கைதான். 1928 நவம்பர் 18இல் நியூயார்க்கின் காலனி தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' திரையிடப்பட்டது. அதன் தலைப்பு அட்டையில் வால்ட் டிஸ்னி பெயரும் இருந்தது, படம் ஐவெர்க்ஸுடையது என்றும் இருந்தது. இரண்டு பெயர்களும் ஒரே அட்டையில்.

1930இல் ஐவெர்க்ஸ் விலகிப் போனார். அதன் பிறகு வந்த குறும்படங்களில் ஓவியர்களின் பெயர்கள் திரையில் வராமலே போயின. சூரியக் கதிர்களின் நடுவே மிக்கியின் சிரித்த முகம், மேலே வால்ட் டிஸ்னியின் பெயர், அவ்வளவுதான். நம் பழைய செப்பேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் ராஜ முத்திரை இருக்கும். ஆனால் கடைசி ஏட்டில், பல செப்பேடுகளில், எழுத்து வெட்டிய ஆளின் பெயரும் இருக்கும். ராஜாக்கள் கொடுத்த அந்தக் கடைசி வரியைக்கூட முப்பதுகளின் ஹாலிவுட் கார்ட்டூன் கொடுக்கவில்லை.

3

அந்தக் கையெழுத்தே வால்டினுடையதுதானா? நாம் லோகோவில் பார்க்கிற எழுத்து, அவர் தினசரி போட்ட கையெழுத்தல்ல. ஸ்டுடியோ ஓவியர்கள் அழகுபடுத்தி வடிவமைத்த எழுத்து அது. ரசிகர்களுக்கும் பிறருக்கும் வால்ட் பெயரில் கையெழுத்துப் போட ஹாங்க் போர்ட்டர் போன்ற ஓவியர்களுக்கு அனுமதி இருந்தது. அதாவது கையெழுத்துப் போடுவதும் ஒரு கூலி வேலை. உலகத்தில் ஒருவனுக்கு மிகவும் சொந்தமானது என்று நம்பப்படுகிற கையெழுத்தையும் இன்னொருத்தன் கை போட்டுக் கொடுத்திருக்கிறது.

1937 டிசம்பரில் 'ஸ்னோ ஒயிட்' வந்தது. அதன் தொடக்கத்தில் ஓர் அட்டை. தன் ஊழியர்களின் விசுவாசமும் படைப்பு முயற்சியும்தான் இந்தப் படத்தைச் சாத்தியமாக்கின என்று வால்ட் நன்றி சொல்கிறார். கீழே அவர் பெயர். சொற்களின் வரிசையைப் பாருங்கள். முதலில் விசுவாசம், பிறகுதான் படைப்பு. வேலை செய்தவர்களுக்கு எதிரே அவர் வைத்துக்கொண்ட உறவு என்ன என்பது இந்த வரிசையில் தெரிந்துவிடுகிறது.

1938இல் அந்த ஸ்டுடியோவில் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்குப் பதில் கடிதம் போனது. படைப்பு வேலைகளைப் பெண்கள் செய்வதில்லை, அதை முழுக்க இளைஞர்களே செய்கிறார்கள், பெண்களுக்கு இருப்பது மசிக்கோடு இழுப்பதும் வர்ணம் பூசுவதும்தான், அதற்கும் ஏகப்பட்ட பேர் காத்திருக்கிறார்கள் என்றது கடிதம். அந்தக் கடிதத்தாளின் அலங்காரமாக அச்சாகியிருந்தது யார் தெரியுமா? ஸ்னோ ஒயிட். பெண் உருவத்தைக் கடிதத்தாளில் வைத்துக்கொண்டு பெண்ணை வெளியே நிறுத்திய இந்த ஒரு தாளே லோகோ பற்றிய முழுப் பாடம். படத்தின் ஒவ்வொரு செல்லுலாய்ட் தாளும் அந்தப் பெண்களின் கை பட்டுத்தான் கேமராவுக்குப் போனது.

1941 மே 29இல் டிஸ்னி வாசலில் மறியல் தொடங்கியது. சங்கத்தில் சேர்ந்தார், தீவிரமாக வேலை செய்தார் என்பதற்காக ஆர்ட் பாபிட் வேலையைவிட்டு நீக்கப்பட்டதுதான் உடனடிக் காரணம். இந்த பாபிட் அடிமட்டக் கூலியாள் அல்ல. நல்ல சம்பளம் வாங்கியவர். கூஃபிக்கு உயிர் கொடுத்தவர், 'ஸ்னோ ஒயிட்'டின் பொல்லாத ராணியை அசைத்துக் காட்டியவர். தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் கூலிக்காகச் சண்டை போட்டார். நூற்றுக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, வேலைப் பாதுகாப்பு இருந்தது, திரையில் பெயரும் இருந்தது.

இந்தப் போராட்டத்தில் நம்மைக் கவர்வது அதன் தட்டிகள். வரையத் தெரிந்தவர்கள் மறியல் செய்தால் எப்படி இருக்கும்? மிக்கியே ஒரு தட்டியில் நின்று நாம என்ன எலியா, மனுசனா என்று கேட்டது. கருங்காலியாக இருப்பதைவிட நாயாக இருப்பது மேல் என்றது புளூட்டோ. கம்பெனியின் முத்திரையைக் கம்பெனியின் முகத்துக்கு எதிரே பிடித்தார்கள். அவர்கள் திருடவில்லை. அவர்கள் வரைந்தது, அவர்கள் கையிலிருந்தது. குறிப்பானைக் குறிப்பீட்டிலிருந்து பிடுங்கி எடுப்பது என்று கோட்பாட்டுப் புத்தகங்களில் படிக்கிறோம். அதை வெயிலில் நின்று செய்து காட்டியவர்கள் இவர்கள்.

கடைசியில் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. நாற்பதுகளின் நடுவிலிருந்து குறும்படங்களிலும் ஓவியர்களின் பெயர்கள் தெரியத் தொடங்கின. வால்ட் இதை மறக்கவில்லை. 1947 அக்டோபரில், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் போய், அந்த வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் சதி என்று சாட்சி சொன்னார். பெயர்களும் சொன்னார். திரையில் பெயர் போடத் தயங்கிய கை, அங்கே பெயர் கொடுக்கத் தயங்கவில்லை.

4

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலாண் பார்த் எழுதிய கட்டுரை முதலில் அச்சானது 1967இல். நம் சிறுபத்திரிகைகளில் அதைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியாயிற்று. பர்பாங்கில் ஆசிரியன் நிஜமாகவே செத்தது 1966 டிசம்பர் 15இல். வால்ட் செத்தார். கையெழுத்து சாகவில்லை. பார்த் எதிர்பார்த்த மாதிரி அந்த இடத்தில் வாசகன் பிறக்கவில்லை. பிராண்ட் பிறந்தது. ஆசிரியன் செத்தால் அதிகாரம் சிதறும் என்று நம்புவது அவசரம். ஆள் இல்லாத கையெழுத்துக்கு முதுமை இல்லை, சம்பளம் இல்லை, சந்தேகம் இல்லை.

இதில் நம் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. அலெண்டே ஆட்சிக் காலத்தில், 1971இல், சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் டொனால்ட் டக்கை எப்படி வாசிப்பது என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் எரிக்கப்பட்ட புத்தகங்களில் அதுவும் ஒன்று. 1975இல் அதன் ஆங்கிலப் பிரதிகள் நியூயார்க் வந்தபோது, பதிப்புரிமை மீறலாக இருக்கலாம் என்று சுங்க அதிகாரிகள் தடுத்து வைத்தார்கள். காமிக்ஸ் படங்களுக்குள் ஏகாதிபத்தியம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிய முன்னோடி நூல் அது, சந்தேகமில்லை. ஆனால் அந்த நூல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது 'டிஸ்னி'யை. அந்த வாத்துக் கதைகளில் சிறந்தவற்றை எழுதி வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். 1947இல் அங்கிள் ஸ்க்ரூஜ் என்ற கஞ்சக் கோடீஸ்வர வாத்தை உண்டாக்கியவரும் அவரே. பல்லாண்டுகள் அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. 'நல்லா வரையிற வாத்து ஓவியர்' என்று மட்டுமே வாசகர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். மிக்கியின் பத்திரிகைச் சித்திரத் தொடரை 1930 முதல் 1975 வரை வரைந்த ஃப்ளாய்ட் காட்ஃபிரட்சன் கதையும் இதுதான். முதலாளி ஒட்டிய பெயரையே விமர்சகர்களும் ஏற்றுக்கொண்டால், எதிர்ப்பும்கூட அந்தக் கையெழுத்தை உறுதிப்படுத்தத்தான் செய்யும்.

5

இப்போது கோட்டைக்கு வருவோம்.

எண்பதுகளின் தொடக்கம் வரை டிஸ்னி படங்களுக்குத் தனியாக அசையும் லோகோ கிடையாது. 'வால்ட் டிஸ்னி வழங்கும்' என்ற எழுத்துதான். முன்னால் விநியோகஸ்தரின் சின்னம் வரும். 1984இல் நிறுவனத்தை வெளியார் வாங்கிக் கூறுபோட முயன்றார்கள். அந்தச் சண்டை முடிந்து அந்த ஆண்டு செப்டம்பரில் புது நிர்வாகம் வந்தது. 1985இல், நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகக் கோட்டை, அதன் மேல் வில் போல ஓர் ஒளிக்கீற்று, 1940இன் 'பினோக்கியோ'வில் வந்த பாடலின் மெட்டு. இசையோடு கூடிய இந்த லோகோ முதலில் வந்தது 'தி பிளாக் கால்ட்ரன்' படத்தில். படம் ஓடவில்லை. கோட்டை நின்றது.

அதே சமயத்தில் நடந்த இன்னொன்றை இதோடு சேர்த்துப் படியுங்கள். அனிமேஷன்காரர்களை, அவர்களுக்கென்றே கட்டப்பட்ட பர்பாங்க் கட்டடத்திலிருந்து கிளப்பி, பக்கத்து ஊரான கிளெண்டேலில் கிடங்கு மாதிரியான கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். திரையில் கோட்டை ஏறிய காலத்தில், கோட்டையை வரைகிற ஆட்கள் கிடங்குக்குப் போனார்கள்.

அந்தக் கோட்டைக்கும் ஒரு மூலம் உண்டு. 1955 ஜூலையில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் கோட்டை அது. டிஸ்னிலாந்து கோட்டைக்கு முன்மாதிரி பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன். அதைக் கட்டத் தொடங்கியது இரண்டாம் லுட்விக், 1869இல். இரண்டே ஆண்டில் அவன் நாடு ஜெர்மானியப் பேரரசுக்குள் அடங்கிப்போனது. அதிகாரம் போன ராஜா கட்டிய இடைக்காலக் கனவு அது. அதை வரைந்து கொடுத்தவர் கட்டடக்கலைஞர்கூட அல்ல, கிறிஸ்டியன் யாங்க் என்ற நாடகத் திரை ஓவியர். 1886இல் ராஜா செத்தார். சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டார்கள். ஆக, நகலின் நகல் என்று பொத்ரியா டிஸ்னிலாந்தைக் காட்டிச் சொன்னதற்கு ஒரு திருத்தம் தேவை. அசலே செட்டுதான். போர் செய்ய அல்ல, பார்க்க வைக்கக் கட்டிய கோட்டை. அதனால்தான் அது லோகோவுக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது.

2006இல் கோட்டை கணினியில் மறுபிறவி எடுத்தது. நட்சத்திரத்திலிருந்து கேமரா இறங்கி, மேகம், ஆறு, ரயில் எல்லாம் தாண்டிக் கோட்டைக்கு வருகிறது. உச்சியில் டிஸ்னி குடும்பக் கொடி பறக்கிறது. வாணவேடிக்கை. அனிமேஷனுக்குப் பெயர்போன நிறுவனத்தின் முகப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் நியூசிலாந்தின் வெட்டா டிஜிட்டல்காரர்கள். குடும்பக் கொடியை வெளியாட்கள் ஏற்றினார்கள். 2011இல் அந்தக் கோட்டைக்குக் கீழிருந்த எழுத்து சுருக்கப்பட்டது. 'வால்ட்' போயிற்று, 'பிக்சர்ஸ்' போயிற்று, 'டிஸ்னி' மட்டும். அண்ணனை விழுங்கிய பெயர், ஐவெர்க்ஸை விழுங்கிய பெயர், கடைசியில் சொந்தக்காரனையும் விழுங்கிவிட்டது.

6

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கோட்டை அல்ல, 2007இல் வந்த இன்னொரு லோகோ. அனிமேஷன் பிரிவுக்கு மட்டுமான லோகோ அது. 'மீட் தி ராபின்சன்ஸ்' படத்தில் முதலில் வந்தது. பென்சில் கோடுகளாகத் தோன்றும் மிக்கி, பிறகு 1928இன் 'ஸ்டீம்போட் வில்லி'யில் சுக்கானைப் பிடித்தபடி விசிலடிக்கிற அதே துண்டுக் காட்சி. பார்க்க அழகு. பழசை மறக்காத நன்றியுணர்ச்சி என்று தோன்றும்.

இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வையுங்கள்.

ஒன்று, 2004இல் புளோரிடாவில் இருந்த டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டுடியோ மூடப்பட்டது. அந்த ஆண்டு வந்த 'ஹோம் ஆன் தி ரேஞ்ச்' படத்தோடு கையால் வரையும் முழுநீளப் படங்களை நிறுத்திக் கணினிக்கு மாறுகிறோம் என்றார்கள். பென்சில் பிடித்த பலர் வேலை இழந்தார்கள். மூன்றே ஆண்டில் பென்சில் கோடு லோகோவில் ஏறிவிட்டது. பின்னால் 2009இலும் 2011இலும் கைவரைப் படங்கள் ஒன்றிரண்டு வந்தன, அதோடு சரி. ஒரு உழைப்பு பட்டறையிலிருந்து வெளியேற்றப்படும்போது அது சின்னமாகத் திரும்பி வருகிறது. நெசவாளி பட்டினி கிடக்கிற ஊரில் தறியை வரவேற்பறையில் அலங்காரமாக வைக்கிற மாதிரி.

இரண்டு, சட்டம். 1998இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை இருபது ஆண்டு நீட்டித்தது. அதைக் கேலியாக மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம் என்றே அழைத்தார்கள். அது இல்லாவிட்டால் 'ஸ்டீம்போட் வில்லி' 2003 முடிவோடு பொதுச் சொத்தாகியிருக்கும். 2003இல் உச்ச நீதிமன்றமும் அந்த நீட்டிப்பை ஆதரித்தது. ஆனாலும் காலாகாலத்துக்கும் நீட்ட முடியவில்லை. 2024 ஜனவரி 1இல் அந்தப் படம் அமெரிக்காவில் எல்லோருக்கும் சொந்தமானது.

பதிப்புரிமைக்கு முடிவு உண்டு. வணிக முத்திரைக்கு, பயன்படுத்திக்கொண்டே இருக்கும் வரை, முடிவில்லை. 2007இல் அந்தத் துண்டுக் காட்சியை லோகோவாக்கியதன் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், விளைவு தெளிவு. கதையாக இருந்தது முத்திரையாகவும் ஆகிவிட்டது. பொதுமக்களுக்குப் போகவிருந்த படத்தின் மேல் இன்னொரு பூட்டு. இந்தப் பூட்டைப் போட்டுப் பதிப்புரிமையை என்றென்றைக்கும் நீட்ட முடியாது என்று அதே 2003இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பது ஒரு ஆறுதல்.

இங்கே ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கோத்துவிடுகிறது. ஐவெர்க்ஸின் பெயர் அட்டையில் இருந்த படம் 'ஸ்டீம்போட் வில்லி'. அந்தப் படத்திலிருந்து அவர் வரைந்த எலியை மட்டும் வெட்டி எடுத்து லோகோவாக்கினார்கள். அட்டை வெளியே நின்றுவிட்டது. இன்று அந்த எலி திரையில் விசிலடித்து முடித்ததும் தெரிகிற பெயர், வரைந்தவனுடையது அல்ல.

7

2022இல் நூற்றாண்டுக்காகக் கோட்டை மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. நூற்றாண்டு விழா நடந்த 2023இல், செப்டம்பர் மாதம், டிஸ்னிக்குச் சொந்தமான மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் தொழிலாளர்கள் ஒருவர்கூட மாறாமல் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். அடுத்த மாதம் வால்ட் டிஸ்னி பிக்சர்ஸின் அதே பிரிவினரும் வாக்களித்தார்கள். 1941இன் தட்டிகளுக்கும் இந்த வாக்குச்சீட்டுகளுக்கும் இடையே எண்பத்திரண்டு ஆண்டு இருக்கிறது. கேள்வி ஒன்றுதான்.

இப்போது படத்தின் கடைசியில் ஆயிரக்கணக்கான பெயர்கள் ஓடுகின்றனவே, பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்று கேட்கலாம். தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஒரு பெயர் முன்னால் வரும்போது அரங்கம் நிரம்பியிருக்கிறது. மற்ற பெயர்கள் வரும்போது ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் தியேட்டர்களில் பல சமயம் அதைக்கூட ஓட விடுவதில்லை. விளக்கைப் போட்டுப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முன்னால் நிற்பது உரிமை, பின்னால் ஓடுவது தகவல்.

டிஸ்னியைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போக முடியாது. நம் சிறுபத்திரிகைகளின் முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். ஆசிரியர் பெயர் இருக்கிறது, ஆலோசனைக் குழு இருக்கிறது. அச்சுக் கோத்தவர் பெயர் அன்றைக்கு எத்தனை இதழில் இருந்தது? தட்டச்சு செய்பவர், பிழை திருத்துபவர், மடித்து ஒட்டும் பெண்கள், இவர்கள் பெயர் இன்றைக்கு எத்தனை இதழில் இருக்கிறது? மாற்று என்று சொல்லிக்கொள்கிற நாமும் நம் அளவுக்கு ஒரு சின்னக் கோட்டை கட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்த முறை ஒரு படத்துக்குப் போனால் இரண்டு காரியம் செய்யலாம். கொஞ்சம் முன்னாலேயே போய் உட்கார்ந்து லோகோவைப் பார்க்கலாம். முடிந்ததும் எழுந்துவிடாமல், விளக்கைப் போடாதீங்கன்னு ஆபரேட்டருக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஓடியது யாருடைய படம் என்பதை அதற்கப்புறம் பேசுவோம்.